எரிந்த மோட்டாரை எறியலாமா?

உள்ளங்கையில் அடங்கும் ஒரு கார். அது ஓடும் பாதையின் நடுவே ஒரு பள்ளக்கோடு. கோட்டின் இரு பக்கமும் உலோகப் பட்டை. அதில் மின்சாரம் வரும். காரின் அடியில் உள்ள முளை கோட்டுக்குள் இறங்கி நிற்கும். கையில் இருக்கும் விசையை அழுத்தினால் கார் பறக்கும்! இதற்கு 'ஸ்லாட் கார்' என்று பெயர்.

இங்கிலாந்தில் 1957-ல் 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்ற பெயரில் இது வந்தது. 1960-களின் நடுவில் அமெரிக்கா முழுவதும் இதே பேச்சு. காசு கொடுத்துக் கார் ஓட்டுவதற்கென்றே கூடங்கள் திறந்தார்கள். சிறுவர்கள் மட்டுமா? அப்பாமார்களும் ஓட்டினார்கள். பிறகு ஆசை தணிந்தது. பெரும்பாலான கூடங்கள் மூடப்பட்டன.

அந்தக் கார்களைத் தேடி வாங்கி ஓட்டுகிறவர்கள் இன்றும் அங்கே உண்டு. ஆனால் சிலர், கார் ஓடவில்லை என்றால் உடனே புது மோட்டாரை மாட்டிவிடுகிறார்கள். இது சரியல்ல என்பேன். அந்தச் சத்தமும் இழுவையும் பழைய மோட்டாருக்கே உரியவை. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கூடுதானே?

மோட்டாருக்குள் சுழலும் பாகத்தில் மூன்று கிளைகள். ஒவ்வொன்றிலும் மெல்லிய செப்புக் கம்பி சுற்றியிருக்கும். கம்பியின் முனை 'கம்யூட்டேட்டர்' என்ற செப்புத் துண்டில் பற்றவைத்திருக்கும். பல சமயம் அங்கேதான் விட்டுப்போயிருக்கும். ஒரு சொட்டு ஈயம் போதும், மோட்டார் எழுந்துவிடும்! ஆகவே முதலில் மீட்டரை வைத்து மூன்று துண்டுகளுக்கும் இடையே அளந்து பாருங்கள். மூன்றும் ஒரே அளவு காட்டினால், பெரும்பாலும் கோளாறு சுற்றில் இல்லை. பிரஷ் தேய்ந்திருக்கும், அழுக்கும் சேர்ந்திருக்கும்.

சுற்று எரிந்தே போயிருந்தால்? நம் ஊரில் மின்விசிறிக்குக் காயில் கட்டுபவர் செய்வதைத்தான் செய்ய வேண்டும். பழைய கம்பியைப் பிய்த்து எறியக் கூடாது. எண்ணிக்கொண்டே பிரிக்க வேண்டும். கம்பியின் கனம் என்ன, எந்தப் பக்கமாகச் சுற்றியிருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே கனம், அதே எண்ணிக்கை. மூன்று கிளையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். சுற்றி முடித்ததும், இரண்டு சவரப் பிளேடுகளின் விளிம்பில் அச்சைப் படுக்க வையுங்கள். கனமான பக்கம் கீழே இறங்கும். அந்தப் பக்கத்து இரும்பில் இம்மியளவு குடைந்து எடுத்தால் சமமாகும். தராசு தோற்றது, போங்கள்!

"சுற்றைக் குறைத்துத் தடித்த கம்பி போட்டால் இன்னும் வேகமாக ஓடுமே?" என்பார்கள். ஓடும். மின்சாரத்தையும் அதிகம் குடிக்கும். சூட்டில் பிரஷ்ஷைத் தாங்கும் பிளாஸ்டிக் இளகிவிடும். ஐம்பது அறுபது ஆண்டு தாங்கிய பொருளை ஒரு மாலைப் பொழுதில் தீர்த்துக் கட்டலாமா?

ஆனால் ஒன்று. அந்தக் காலத்திலேயே வேகத்துக்காக இப்படிச் சுற்றிப் பந்தயம் விட்டவர்கள் உண்டு. அப்படி ஒரு சுற்று நல்ல நிலையில் கிடைத்தால் அதைத் தொடாதீர்கள். தொழிற்சாலைச் சுற்றாகத் 'திருத்த' வேண்டாம். அதுவும் அந்தக் காலத்துக் கைவேலைதான்.

இன்னொன்று, விற்பவர்களுக்கு. காயில் மாற்றிய மோட்டாரை 'கை படாதது' என்று சொல்லி விற்பது ஏமாற்று. எத்தனை சுற்று, என்ன கம்பி, எந்த ஆண்டு கட்டியது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு விடுங்கள். அடுத்துப் பிரிக்கிறவர் முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்காது.