கருவி அறிந்ததைக் கரையோரமும் அறியட்டும்!

பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. கோடையிலே சென்னைக்குக் குடிநீர் தருவதும் அதுதான். மாரியிலே நிரம்பிவிட்டால் அடையாற்றங்கரை உழைப்பாளி மக்களின் உறக்கத்தைப் பறிப்பதும் அதுதான்.

2015 டிசம்பர் 1ஆம் நாளை மறந்தோமா? அன்று அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்து விடப்பட்டது. பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் எண்பது, ஒவ்வொரு விநாடியும் கவிழ்ந்தால் எவ்வளவோ, அவ்வளவு! எச்சரித்தோம் என்றது அரசாங்கம். எங்கள் காதில் விழவில்லை என்றனர் கரையோர மக்கள். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கை அறிக்கையோ, அது மனிதரால் விளைந்த பேரிடர் என்றது.

அதன் பின்னர் சென்னைப் படுகைக்கு வெள்ள முன்கணிப்பு ஏற்பாடு வகுக்கப்பட்டது. இதற்கென உள்ள கருவிகள் பலவகை. நீருக்கு மேலே நின்று ராடார் அலையை அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தை அளப்பது ஒன்று. நீருக்கடியில் கிடந்து அழுத்தத்தைக் கொண்டு அளப்பது மற்றொன்று. நிறைந்து நிறைந்து கவிழும் சிறு கிண்ணத்தால் மழையை எண்ணும் மானியும் உண்டு. நள்ளிரவிலும் கணக்கு தானே போய்ச் சேரும்.

விஞ்ஞானத்தை வரவேற்பவர்கள் நாம். வெள்ளம் விதியின் செயல் என்போருக்கு இந்தக் கருவிகளே தக்க விடை. ஆனால் நாம் கேட்கிறோம்: கணக்கு போய்ச் சேருவது எங்கே? அதிகாரியின் மேசைக்குத்தானே? அங்கிருந்து குன்றத்தூருக்கும் அனகாபுத்தூருக்கும் சைதாப்பேட்டைக்கும் அது வந்து சேர எத்தனை கையெழுத்து வேண்டும்?

ஏரிகளின் நீர்மட்டம் நாள்தோறும் வெளியிடப்படுகிறதே, கைப்பேசியில் எச்சரிக்கை வருகிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் கைப்பேசியை வாயிற்காவலரிடம் ஒப்படைத்துவிட்டு இரவு ஷிப்டில் நிற்கும் தொழிலாளிக்கு அது எப்படிக் கிடைக்கும்? வீட்டிலே தூங்கும் அவனுடைய தாய்க்கு யார் படித்துச் சொல்வது?

அம்பத்தூரைப் பாருங்கள். 1964இல் உருவான தொழிற்பேட்டை அது. 2015இலும் மூழ்கியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கியது. அங்கே வந்தது செம்பரம்பாக்கத்து நீர் அன்று; பெய்த மழையும், வடிய வழியின்றித் தேங்கிய வெள்ளமும்தான். சிறுபட்டறைகளில் லேத்துகள் நீரில் நின்றன. இயந்திரம் நின்ற நாட்களுக்குக் கூலி யார் கொடுத்தார்கள்? பெரிய ஏரிக்குக் கருவி வைத்தால் போதாது. தொழிற்பேட்டைக் கால்வாய்க்கும், கொரட்டூர் ஏரிக்கும், ஆவடிப் பகுதி ஏரிகளுக்கும் வேண்டும்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. ஷட்டர் உயர்த்தப்படுமுன், எவ்வளவு நீர், எத்தனை மணிக்கு எந்தத் தெருவை அடையும் என்று தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். கரையோரத் தெருக்களில் ஒலிபெருக்கி வேண்டும். வேலைக்கு அழைக்க ஊதும் ஆலைச் சங்கு, வெள்ளம் வருமுன்னும் ஊத வேண்டும். அந்தச் சங்கொலி கேட்டு வெளியேறும் தொழிலாளியின் கூலியில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது.

தோழர்களே! கருவி வாங்கிய பணம் நம் பணம். அது காட்டும் எண்ணும் நமக்கு உரியதே. மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு தொழிற்சங்கமும் ஒவ்வொரு கிளையும் இதை எழுத்தில் கேட்கட்டும்!