காத்திருப்போர் பட்டியலும் காசில்லாதோர் பட்டியலும்

ஆலை வாசலில் பதிலித் தொழிலாளியாய் நின்ற அனுபவம் நம் தோழர்கள் பலருக்கு உண்டு. சங்கு ஊதுமுன்பே போய் நிற்க வேண்டும். "இன்று யாராவது வரவில்லையா?" என்று மேஸ்திரியின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒருவன் வராவிட்டால்தான் இன்னொருவனுக்கு வேலை. இல்லையேல் கையில் தூக்குச்சட்டியோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 'காத்திருப்போர் பட்டியல்' என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இப்படிப்பட்ட ஒரு வாசல்தான். முன்னே நிற்பவன் விலகினால் பின்னே நிற்பவனுக்கு இடம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மதிப்பெண் வரிசைப்படி அழைக்கிறார்கள், இதில் ஏழை எங்கே, பணக்காரன் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு 2020ஆம் ஆண்டு நடந்ததை நாம் நினைவூட்ட விரும்புகிறோம்.

அது கொரோனா ஆண்டு. மே 3இல் நடக்க வேண்டிய நீட் தேர்வு ஜூலை 26க்குத் தள்ளிப் போயிற்று; பிறகு செப்டம்பர் 13இல் நடந்தது. தொற்றுக் காரணமாக எழுத முடியாதவர்களுக்கு அக்டோபர் 14இல் மீண்டும் ஒரு தேர்வு. முடிவு வந்தது அக்டோபர் 16இல். வழக்கமாக ஆகஸ்டில் கல்லூரிக்குள் போயிருக்க வேண்டிய பிள்ளைகள் தீபாவளி கழிந்தும் வீட்டிலேயே இருந்தார்கள்.

அந்த ஆண்டில்தான் ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு! நீதிபதி கலையரசன் குழு பத்து விழுக்காடு என்றது, அமைச்சரவை ஏழரையாக்கியது. செப்டம்பர் 15இல் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் கையெழுத்திட்டதோ அக்டோபர் 30இல். முழுதாக 45 நாட்கள்! அதற்கு முந்தைய நாள் அரசாணை பிறப்பித்து வழிகாண வேண்டிய நிலை மாநில அரசுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போது நானூறு இடங்கள் அளவில் கதவு திறந்தது. கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் நவம்பர் 18 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கின் வாசலுக்கு வந்தார்கள்.

உள்ளே போனார்கள். திரையில் இடங்கள் தெரிந்தன. வரிசையின் முன்னே நின்றவர்களுக்கு அரசுக் கல்லூரி கிடைத்தது. ஆண்டுக் கல்விக் கட்டணம் பதினாலாயிரம் ரூபாய்க்கும் குறைவு. பின்னே நின்றவர்களுக்கு மிச்சமிருந்தது சுயநிதிக் கல்லூரி. அரசு ஒதுக்கீட்டு இடந்தான், ஆனாலும் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ நான்கு லட்சம். விடுதி, சாப்பாடு, புத்தகம் வேறு.

நான்கு லட்சம்! ஆண்டு முழுவதும் வீட்டில் எல்லோரும் உழைத்தாலும் அதில் பாதியைக் காணாத குடும்பங்கள் அவை. தகப்பன் மகளைப் பார்த்தான். மகள் திரையைப் பார்த்தாள். "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர்கள் உண்டு. காத்திருப்போர் பட்டியலில் நின்று, அரசுக் கல்லூரியில் ஏதேனும் இடம் காலியாகாதா என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு.

அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த சில நாட்களுக்குள் அறிவிப்பு வந்தது. சுயநிதிக் கல்லூரியில் இடம் பெற்ற அரசுப் பள்ளி மாணவரின் கட்டணத்தை அரசே ஏற்கும், அதற்குச் சுழல் நிதி அமைக்கப்படும் என்றார் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி. எங்கள் கட்சி கட்டும் என்று அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் மு.க.ஸ்டாலினும் அறிவித்தார். யார் முதலில் சொன்னார் என்ற வழக்கு நமக்கு வேண்டாம். இரண்டு அறிவிப்புகளும் வந்தது, கலந்தாய்வு தொடங்கிய பிறகு! அதுதான் நம் வழக்கு.

முதல் நாள் "வேண்டாம்" என்றவன் வீட்டில் இருக்கிறான். அவனைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்று அவனுக்குப் பின் வந்தவனுக்கு அந்த இடம் கிடைத்திருக்கும். பின் வந்தவன் மீது நமக்கு வருத்தமில்லை. அவனும் நம் வீட்டுப் பிள்ளையே. இருவருக்கும் நடுவே நின்றது மதிப்பெண் அல்ல, ஓர் அறிவிப்பின் தேதி என்பதைத்தான் சொல்லுகிறோம். இழந்தவர்களில் சிலர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை, படிப்பு தொடங்கும் முன்பே வழக்கறிஞரைத் தேட வேண்டியதாயிற்று!

"இடத்தை விட்டது அவர்கள் தவறுதானே? விதி விதிதானே?" என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். ஐயா, கையில் பணமுள்ளவன் அந்த இடத்தை விட்டிருப்பானா? இன்று கட்டிவிட்டு நாளை நல்ல இடம் வந்தால் மாறிக்கொள்வான். அவனுக்குக் காத்திருப்பு ஒரு வசதி. இல்லாதவனுக்கோ அது ஓர் ஆண்டு. சில வேளை ஆயுள் முழுவதும்.

இந்தப் பட்டியல் எப்படி நகருகிறது என்பதையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் இடம் பெற்ற ஒருவன் டில்லி எய்ம்ஸுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020இல்தான் எய்ம்ஸும் ஜிப்மரும் தனித்தேர்வை விட்டு நீட் வழியே சேர்க்கத் தொடங்கின. அவன் விட்ட சென்னை இடத்துக்குச் செங்கல்பட்டில் இருப்பவன் வருவான். செங்கல்பட்டுக்குத் தருமபுரியில் இருப்பவன் வருவான். தருமபுரிக்குச் சுயநிதிக் கல்லூரியில் பணம் கட்டி உட்கார்ந்திருப்பவன் வருவான். கடைசியில் காலியாவது எது? அந்த நான்கு லட்ச ரூபாய் இடம்! வெளியே காத்திருக்கும் ஏழையிடம் வந்து சேருவது அதுதான். விலகியது அரசுக் கல்லூரி இடம். வந்து சேர்ந்ததோ விலை உயர்ந்த இடம். பட்டியலின் நகர்வில் உள்ள சூட்சுமம் இதுவே. ஆகவே கட்டணத்துக்கு வழி செய்யாமல் "காத்திரு, கிடைக்கும்" என்று சொல்லுவது, பசித்தவனைச் சாப்பாட்டுக் கடையின் வாசலில் உட்கார வைப்பது போன்றது.

கட்டணத்தை அரசே ஏற்கும் முறை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது. 7.5 விழுக்காடு செல்லும் என்று 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இவை வெற்றிகள், மறுக்கவில்லை. ஆனால் மற்றொரு வாசல் மூடப்பட்டது. அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காட்டை அகில இந்திய ஒதுக்கீட்டுக்குக் கொடுக்கிறோம். 2020-21 வரை, இரண்டு சுற்று முடிந்து அங்கே நிரம்பாத இடங்கள் மாநிலத்துக்கே திரும்பி வந்தன. நம் பட்டியல் நகர அதுவும் ஒரு வழியாக இருந்தது. 2021-22 முதல் அந்த வழி அடைக்கப்பட்டது. சுற்று மேல் சுற்று நடத்தி அவர்களே நிரப்புவார்களாம். நம் வரிப்பணத்தில் கட்டிய கல்லூரி. அதில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தாலும் நம் பிள்ளை அதில் உட்காரக் கூடாதாம்! இது என்ன நீதி?

நாம் கேட்பது பெரிதல்ல. கட்டணம் பற்றிய சலுகை எதுவானாலும் கலந்தாய்வு அழைப்போடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். இடையில் விதி மாறினால், பணமில்லாமல் விலகியவனை அவன் பழைய வரிசையிலேயே முதலில் அழைக்க வேண்டும். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் காலி என்பதை அன்றன்றைக்குத் தமிழில் வெளியிட வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரம்பாத இடம் மாநிலத்துக்குத் திரும்ப வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் வேலை முடிந்ததா? இல்லை. நம் ஊர்க் கிளை அலுவலகங்களில் மாலை வேளையில் விளக்கு எரிகிறது. பத்திரிகை படிக்கிறோம், வாதாடுகிறோம். சேர்க்கைக் காலத்தில் அங்கே ஒரு மேசை போடுங்கள். விளக்கக் குறிப்பேட்டை வாங்கி வைத்துப் பெற்றோருக்குப் படித்துச் சொல்லுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பள்ளிச் சான்று மூன்றும் முன்கூட்டியே கைக்கு வர ஓடியாடுங்கள். "வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கும் முன் ஒருவரைக் கேட்கலாமே என்று தோன்றும்போது, கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கட்டும். 2020 நவம்பரில் அரங்கத்தை விட்டு வெளியே வந்த அந்தத் தகப்பனுக்கு அப்படி ஓர் ஆள் இல்லை.

பதிலியாய் நிற்பது எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். சங்கம் கட்டி, போராடி, நிரந்தர வேலை கேட்டவர்கள் நாம். நம் பிள்ளைகள் இன்னொரு வாசலில் பதிலிகளாய் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டோம்.