ஃபிளமிங்கோ காலில் இருக்கும் வளையம் என்ன சொல்கிறது? நவி மும்பை ஏரிகளுக்கு அது ஏன் முக்கியம்?

மும்பையை ஒட்டிய தாணே கடற்கழிக்கு குளிர்காலத்தில் வரும் ஃபிளமிங்கோக்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. பெரிய எண்தான். ஆனால் காலையில் நீங்கள் பார்த்த அதே பறவை மதியம் எங்கே நிற்கும்? அதைத் தலையை எண்ணிச் சொல்ல முடியாது. பறவைக்கு ஓர் அடையாளம் வேண்டும்.

வளையம் எப்படி உதவுகிறது?

பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் பறவையைப் பிடித்து, எடை பார்த்து, அளவெடுத்து, எண் பொறித்த வளையத்தைக் காலில் மாட்டி விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் தனி எண். உலோக வளையத்தில் எழுத்து சிறியது. பறவை மறுபடி கையில் சிக்கினால்தான் பெரும்பாலும் படிக்க முடியும். அதனால் பெரிய பறவைகளுக்கு, தொலைநோக்கியில் தெரியும்படி வண்ண வளையமும் போடுகிறார்கள்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் (பிஎன்ஹெச்எஸ்) 1927 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. ஆனால் வளையம் மாட்டிய பறவைகளில் மிகச் சிலவே மீண்டும் கண்ணில் படும். எனவே 2022 ஜனவரியில் ஆறு ஃபிளமிங்கோக்களுக்கு ஜிபிஎஸ் கருவியும் பொருத்தினார்கள். அதில் ஒன்றுக்கு, பறவையியலாளர் ஹுமாயூன் அப்துல்அலியின் நினைவாக 'ஹுமாயூன்' என்று பெயர்.

'அதான் சரணாலயம் இருக்கே?'

இருக்கிறது. 2015-ல் அறிவிக்கப்பட்ட தாணே கடற்கழி ஃபிளமிங்கோ சரணாலயத்தின் பரப்பு சுமார் 17 சதுர கி.மீ. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சிக்கல் கடல் ஏற்றத்தில் இருக்கிறது. நீர் வற்றும்போது சேற்றில் இரை தேடும் பறவைகள், நீர் ஏறி சேறு மூழ்கியதும் வேறு இடம் போயாக வேண்டும். இது நாளுக்கு இரண்டு முறை நடக்கிறது.

எங்கே போகின்றன? நவி மும்பையின் டிபிஎஸ் ஏரி, என்ஆர்ஐ, டிஎஸ் சாணக்யா பகுதிகளின் ஆழமில்லாத நீர்நிலைகளுக்கு. இவை சரணாலயக் கோட்டுக்கு வெளியே, அடுக்குமாடிகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நமக்கு இது காலி நிலம். பறவைக்கோ பாதி நாள் வீடு.

அது பறிபோனால்?

2024 ஏப்ரல், மே மாதங்களில் டிபிஎஸ் ஏரிப் பகுதியில் பல ஃபிளமிங்கோக்கள் இறந்தன. கடல்நீர் வரும் வழி அடைபட்டதே காரணம் என்று சூழல் ஆர்வலர்கள் குற்றம்சாட்டினார்கள். அதே மே 20 அன்று, காட்கோபர் அருகே பயணிகள் விமானம் மோதி 39 ஃபிளமிங்கோக்கள் இறந்தன.

என்ஆர்ஐ பகுதி ஈரநிலத்தில் கோல்ஃப் மைதானம் அமைக்கும் திட்டத்தை 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. டிபிஎஸ் ஏரியைப் பாதுகாப்புக் காப்பகமாக்க 2025 ஏப்ரலில் மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புக்கொண்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் பறவை ஓர் ஏரியை மட்டும் நம்பி வாழ்வதில்லை. ஒன்றைக் காப்பாற்றி அடுத்ததை மூடினால் சரணாலயமும் பாதி நாளுக்குத்தான் உதவும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வளையம் போட்ட பறவையைப் பார்த்தால் துரத்த வேண்டாம், பிடிக்க வேண்டாம். எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து, எந்த இடம், எந்தத் தேதி என்று குறித்து, முடிந்தால் படமும் எடுத்து பிஎன்ஹெச்எஸ்ஸுக்குத் தெரிவியுங்கள். 'இந்த ஏரிக்குப் பறவையே வராது' என்று யாராவது சொல்லும்போது, உங்கள் அந்த ஒரு குறிப்பு பதிலாக நிற்கும்.