தனித்து நிற்கும் கிளை கனி தராது



வீட்டிலிருந்து செபித்தால் ஆண்டவர் கேட்கமாட்டாரா, ஆலயத்துக்குச் சென்றுதான் ஆகவேண்டுமா என்னும் கேள்வி இன்று நமது குடும்பங்களில், சிறப்பாக இளையோரிடையே எழுகின்றது. கதவை அடைத்து மறைவாகச் செபிக்குமாறு இயேசுவே கற்பித்தார் (மத்தேயு 6:6) என்பது உண்மை. ஆயினும் அதே அதிகாரத்தில் அவர் கற்பித்த செபத்தை உற்று நோக்குங்கள். தந்தையை ‘என்’ தந்தை என்றல்ல, ‘எங்கள்’ தந்தை என்றே அழைக்கச் சொன்னார். அறைக்குள் தனியே முழந்தாட்படியிடுபவரும் அனைத்துச் சகோதரரோடும் சேர்ந்தே செபிக்கிறார்.

ஆன்மீக வளர்ச்சியைப் பற்றி எபேசியருக்கு எழுதும் புனித பவுலும் (4:15-16) முழு உடலும் உறுப்புகளால் இசைவாகப் பிணைக்கப்பட்டு அன்பில் வளர்வதையே காட்டுகிறார். உடலைவிட்டுப் பிரிந்து வளரும் உறுப்பு எங்கும் இல்லை.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. நமது மாத்தளை மாவட்டத்தில் கலேவலைக்கு அருகே உள்ள வஹாகோட்டையை எண்ணிப்பாருங்கள். கண்டி மன்னர் காலத்தில் அங்கு குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்களே அவ்வூர்க் கத்தோலிக்கர். 18ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்திலிருந்து குருக்கள் வெளியேற்றப்பட்டனர். மொழியும் வழக்கமும் மாறின, விசுவாசமோ மாறவில்லை. குடும்பங்கள் ஒன்றுகூடிச் செபித்து, பிள்ளைகளுக்குக் கற்பித்து, அதனைக் காத்தன. இன்று நாம் அங்கு புனித அந்தோனியாரை நாடித் திருயாத்திரை செல்வதற்கு அந்த எளிய மக்களின் ஒன்றிப்பே வழிவகுத்தது.

அதற்கும் முன்னர், ஒல்லாந்தரின் தடையால் ஏறத்தாழ 30 ஆண்டுகள் குருக்களின்றித் தவித்த இலங்கைத் திருச்சபைக்கு 1687இல் கோவாவிலிருந்து வந்தவர் புனித யோசேவாஸ் அடிகளார். 1692இல் கண்டியில் ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்ட அவர், 1711இல் இறக்கும்வரை இம்மண்ணில் உழைத்தார். தமிழையும் சிங்களத்தையும் கற்றார். எல்லா ஊர்களிலும் தாம் எந்நேரமும் இருக்க முடியாது என்பதை உணர்ந்து, அண்ணாவிமார், மூப்பர் ஆகிய பொதுநிலையினரிடம் செபத்தையும் மறைக்கல்வியையும் ஒப்படைத்தார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்பார்ந்தவர்களே, நமது நிலை என்ன? சனி, ஞாயிறு பாராது உழைத்துக் களைத்த தோட்டத்துக் குடும்பங்கள் உண்டு. மாதத்தில் ஓரிரு முறை மட்டுமே திருப்பலி கிடைக்கும் சிற்றாலயங்களும் உண்டு. அங்கு குருவானவர் வராத ஞாயிறன்று கதவு பூட்டியே கிடக்கவேண்டுமா? நான்கு குடும்பங்கள் கூடி இறைவாக்கை வாசித்து, செபமாலை சொல்லி, நோயாளியின் வீட்டை எட்டிப்பார்த்தால் அங்கே திருச்சபை உயிரோடிருக்கிறது. இது திருப்பலிக்கு ஈடாகாது. ஆனால் திருப்பலிக்கான பசியை அணையாது காக்கும்.

மறுபுறம், ஆலயம் அருகிலிருந்தும் ஆண்டுக்கொருமுறை யூன் மாதத் திருவிழாவுக்கு வாகனம் பிடிப்பதோடு கடமையை முடித்துக்கொள்வோரும் நம்மிடையே உளர். புனிதரிடம் வரம் கேட்கிறோம். பக்கத்து வாங்கில் அமர்பவரின் பெயரையோ அறியோம். சிங்களம் பேசும் சகோதரரும் தமிழ் பேசும் சகோதரரும் ஒரே நற்கருணையை உட்கொண்டும், திருப்பலி முடிந்ததும் ஒருவரையொருவர் பாராது கலைந்து செல்கிறோம். ஒரே அப்பத்தில் பங்குகொள்வதால் நாம் பலராயினும் ஒரே உடல் (1 கொரிந்தியர் 10:17) என்பது வாசகத்தில் மட்டும் நின்றுவிடலாமா?

பங்குப் பதிவேட்டில் பெயர் இருப்பது தொடக்கமே. திருமுழுக்கில் நடப்பட்ட கன்று செபத்தாலும் அருட்சாதனங்களாலும் பிறரன்பாலும் நீர் பெற்றாலன்றி மரமாகாது. எனவே வரும் ஞாயிறன்று குடும்பமாக ஆலயம் செல்வோம். நெடுநாள் வராத ஓர் அயலவரையும் அன்போடு அழைத்துச் செல்வோம். திராட்சைக் கொடியாம் கிறிஸ்துவில் இணைந்த கிளைகளாய் நாமும் நம் பிள்ளைகளும் மிகுந்த கனி தருவோமாக!