பக்கத்தில் ஓர் ஆசிரியர்

பெங்களூர்ச் சாலைகளில் ஏதர் மின்சார ஸ்கூட்டரைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். ஓசூரில் தயாராகும் அந்த வண்டி உருவெடுத்தது சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில். அங்கே படித்து வெளியேறிய இருவர், கிடைத்த வேலையை உதறிவிட்டுத் தங்கள் கல்லூரிக்கே திரும்பி 2013-ல் நிறுவனத்தைத் தொடங்கினர். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா போன்றோர் அங்கே வளர்த்து வைத்திருந்த ஏற்பாட்டால் இடமும் யோசனையும் கிடைத்தன. வண்டி விற்பனைக்கு வந்ததோ 2018-ல்தான். அத்தனை காலம் தாக்குப்பிடிக்கப் பணம் மட்டும் போதாது. பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும்.

வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த ஒருவர் வீட்டிலேயே இருப்பார். பீன்யா பட்டறைத் தொழிலாளியின் மகனுக்கும், குமாஸ்தாவின் மகளுக்கும் யார் இருக்கிறார்கள்? மாதச் சம்பளம் தவிர வேறு வரவு அறியாத வீட்டில், சொந்தத் தொழில் என்றாலே கடன் பயம்தான். அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு.

சாதாரணக் கல்லூரிகள் பலவற்றில் நடப்பது என்ன? ஆண்டுக்கொரு நாள் தொழிலதிபர் ஒருவரை அழைத்து, மாலை போட்டு, பேச வைத்து அனுப்புகிறார்கள். கைதட்டல் அடங்கியதும் ஆர்வமும் அடங்கிவிடுகிறது. விலை எப்படிப் போடுவது, வங்கியில் என்ன காகிதம் கேட்பார்கள் என்று விசாரிக்க மாணவனுக்கு ஆளில்லை. ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. விடைத்தாள் திருத்தவே அவருக்கு நேரம் போதவில்லை.

பத்துப் பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என நியமித்து, அவருடைய பாடவேளையைக் குறைத்துக் கொடுக்கக் கல்லூரி நிர்வாகங்கள் முன்வர வேண்டும். 'இது தேறாது, வேலைக்குப் போ' என்று, அப்பாவின் பி.எப். பணத்தில் கை வைக்கும் முன்பே சொல்வதும் அவர் பொறுப்புத்தான். விண்ணப்பம் வாங்கப் போகும் பெற்றோர், கட்டணத்தை விசாரிக்கும்போதே இதையும் விசாரிக்கலாம்.