கறுப்பாகப் போனால் காத்திருக்காதீர்! காக்க வைக்கவும் விடாதீர்!

மலையில் கொழுந்து பறிக்கும் பெண் தலைசுற்றி உட்கார்ந்தால் "இரத்தம் குறைவு, கீரை சாப்பிடு" என்கிறார்கள். நெஞ்சுக்குழி எரிந்தால் "காஸ்" என்கிறார்கள். டிஸ்பென்சரியில் நாலு குளிசை கொடுத்து மறுநாளே மலைக்கு அனுப்புகிறார்கள். அந்த இரத்தம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் இருந்தால் உள்ளே இரத்தம் கசியும். அது பெரும்பாலும் சிவப்பாக வெளியே வராது. தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, கடும் நாற்றத்துடன் மலமாகப் போகும். வாந்தி கோப்பித்தூள் போல இருக்கும். இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும். எது என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும், லயத்தில் முடிவெடுக்காதீர்கள்.

கூடை சுமந்து முதுகு வலித்தால் டைக்ளோபெனக், இபுபுரூபன் குளிசைகளைக் கடையில் வாங்கி விழுங்குகிறோம். அவையே இரைப்பையைப் புண்ணாக்கும். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியும் காரணம். அதைக் கண்டறிந்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கிருமியை மருந்தால் ஒழிக்கலாம். கசிப்பும் சாராயமும் ஈரலைக் கெடுத்தால் உணவுக்குழாயின் நாளங்கள் வீங்கி வெடிக்கும். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் உயிர்.

ஆகவே இது தலைவிதி இல்லை. நேரத்தோடு போனால் எண்டொஸ்கோப்பி செய்து புண்ணைக் கண்டு, அங்கேயே இரத்தத்தை நிறுத்த முடியும். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் போகிறது. பேர் போனால் அடுப்பு எரியாது. பிறகு எங்கே இலவசம்?

நோயுற்ற தொழிலாளியைக் கவனிப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே வைத்தது. துரைமார் காட்டும் கருணையாக அதை நாம் ஏற்க மாட்டோம். நாம் கேட்பது இவைதான்:

• இரத்தக் குறைவு என்று சொல்லப்படும் ஒவ்வொருவருக்கும் இரத்தப் பரிசோதனை. காரணம் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம்.
• பரிசோதனைக்குப் போகும் நாளுக்கு முழுப் பேர்.
• மலம் எப்படிப் போகிறது என்று கேட்காமல் டிஸ்பென்சரியில் வலிக் குளிசை கொடுக்கக் கூடாது.
• இராத்திரியிலும் தோட்ட வாகனம்.

பெண் பிள்ளைகளே, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கறுப்பு மலம், இரத்த வாந்தி, மயக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை பொறுக்க வேண்டாம். 1990 அம்புலன்சுக்குக் காசில்லை, உடனே கூப்பிடுங்கள். தோட்டக் கமிட்டித் தலைவருக்கும் சொல்லுங்கள். வாகனம் மறுக்கப்பட்டால் திகதியும் நேரமும் எழுதி வையுங்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் அந்தத் தாளைத்தான் மேசையில் வைப்போம்.