இடிபாட்டினடியில் தொடங்கும் மருத்துவம்

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்பார் வள்ளுவர். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணும் உழைச்செல்வான் என அந்நான்கினையும் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் வரிசைப்படுத்துகிறார். அன்றாட நோய்களுக்கு இவ்வரிசை பொருந்தும். நிலநடுக்கத்திலோ இவ்வரிசை தலைகீழாகிவிடுகிறது. மருத்துவரும் மருந்தும் வந்து சேருமுன் உழைச்செல்வானே முதலில் வந்து நிற்கிறான். அவன் அண்டை வீட்டுக்காரனாக இருக்கலாம். தெருவில் சென்ற மாணவனாக இருக்கலாம். அவன் என்ன அறிந்திருக்கிறான் என்பதைப் பொறுத்தே பல உயிர்கள் நிலைக்கின்றன அல்லது நீங்குகின்றன.

1995 ஜனவரி 17 அன்று அதிகாலை 5.46 மணிக்கு ஜப்பானின் கோபே நகரையும் சுற்றுப்புறத்தையும் நிலநடுக்கம் குலைத்தது. 6,434 பேர் மாண்டனர். இடிபாடுகளில் சிக்கி உயிருடன் மீட்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலோரை வெளியே எடுத்தவர்கள் உறவினரும் அக்கம் பக்கத்தாருமே ஆவர். செல்வமும் தொழில்நுட்பமும் செழித்த நாட்டிலேயே நிலைமை இதுவென்றால், பிற நாடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

நிலநடுக்கம் மனித உடலை எவ்வாறு தாக்குகிறது? நிலத்தின் அசைவு நேராகக் கொல்வது அரிது, கட்டடமே கொல்கிறது. மார்பு அழுந்தி மூச்சு முட்டுவோரும், தலையில் அடிபடுவோரும் பெரும்பாலும் அங்கேயே மாய்கின்றனர். மருத்துவமனை வரை வந்து சேர்வோரிடம் மிகுதியாகக் காணப்படுபவை கைகால் எலும்பு முறிவுகளே. அவற்றுள்ளும் கால் முறிவுகள் மிகுதி. முதுகெலும்பு, இடுப்பெலும்பு முறிவுகளும், மண்ணும் தூசியும் படிந்து சீழ்பிடிக்கும் சதைக் காயங்களும் அடுத்து வருகின்றன. இவை கண்ணுக்குத் தெரியும் காயங்கள். கண்ணுக்குத் தெரியாத காயம் ஒன்றும் உண்டு.

உத்தரத்தின் அடியில் காலோ தொடையோ பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தவர் தெளிவாகப் பேசுவார், தண்ணீர் கேட்பார். உத்தரத்தை அகற்றியதும் சுற்றியிருப்போர் மகிழ்வர். அதன்பின் சிறிது நேரத்திலேயே அவர் உயிர் பிரியக்கூடும். நசுங்கிச் சிதைந்த தசையில் தேங்கியிருந்த பொட்டாசியம் ஒரே வீச்சில் இரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடுகிறது. அதனைக் கடந்து பிழைத்தவர்க்கோ, தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்னும் புரதம் சிறுநீரகத்தை அடைத்துச் செயலிழக்கச் செய்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இலக்கான இலண்டன் நகரின் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டோரிடம் இந்நிலையைக் கண்டு, 1941-இல் விரிவாக எழுதியவர் பைவாட்டர்ஸ் என்னும் மருத்துவர். கோபேயில் இவ்வாறு பாதிக்கப்பட்டோராகக் கணக்கிடப்பட்ட 372 பேருள் 50 பேர் இறந்தனர். மீட்கப்பட்ட பின்னர் நேர்ந்த இறப்புகள் இவை என்பதை நாம் மறத்தலாகாது.

இதற்கு மருந்து அரியதன்று; விலை மிகுந்ததும் அன்று. பாரத்தை அகற்றுமுன்பே, இயலாதபோது அகற்றிய உடனேயே, இரத்தக் குழாய் வழியாக உப்புக் கரைசலை ஏற்றத் தொடங்குவதே முதன்மையான மருத்துவம். 1999 ஆகஸ்டு 17 அன்று துருக்கியின் மர்மரா பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் சிறுநீரகப் பாதிப்புற்ற 639 பேருள் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அதே நாட்டின் பிங்கோல் பகுதியில் 2003-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் நசுங்கற் காயமுற்ற 16 பேருக்குக் கரைசலை விரைந்தும் மிகுதியாகவும் ஏற்றினர். நால்வருக்கு மட்டுமே டயாலிசிஸ் தேவைப்பட்டது. அந்நால்வர்க்கும் மீட்புக்கும் கரைசல் ஏற்றுதலுக்கும் இடையே கழிந்த நேரம் மற்றவரினும் நீண்டிருந்தது. எண்ணிக்கை சிறிதே, ஆயினும் அது புகட்டும் பாடம் பெரிது. பெரிய இயந்திரம் பின்னர்ச் செய்வதை, சிறிய கரைசற் புட்டி முன்னரே செய்துவிடக்கூடும்.

"மருத்துவமனைகளைப் பெருக்கினால் போதாதா?" எனச் சிலர் வினவலாம். மருத்துவமனைகள் வேண்டும், அவை முதலில் நிமிர்ந்து நிற்க வேண்டும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தில் 1,50,000-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அவர்களை ஏற்க வேண்டிய புஜ் நகரின் அரசு மருத்துவமனையோ தானே இடிந்து வீழ்ந்தது. திறந்த வெளியில் மருத்துவம் பார்க்க நேர்ந்தது. அதிர்வைத் தாங்கும் ஈய இரப்பர்த் தாங்கிகளின் மீது புதிய மருத்துவமனை பின்னர் எழுந்தது. வீழ்ந்த பின் பெற்ற அறிவை, வீழுமுன் பெற்றிருந்தால் எத்துணை நலமாயிருந்திருக்கும்!

இனி, அறுவை முடிந்தபின்? 2005 அக்டோபர் 8 அன்று காஷ்மீரிலும் வடபாகிஸ்தானிலும் நேர்ந்த நிலநடுக்கத்தில் தண்டுவடம் சிதைந்து பல நூறு பேர் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தனர். அவர்களுள் பெண்கள் பலர். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் வாராமல் காப்பதற்கு ஆண்டுக்கணக்கில் அருகிருக்கும் கைகள் வேண்டும். ஆக, முதலில் வருபவனும் உழைச்செல்வான். இறுதிவரை நிற்பவனும் அவனே.

நம் வழக்கம் யாது? எங்கேனும் நிலம் நடுங்கினால் நிதி திரட்டுகிறோம், துணி சேர்க்கிறோம், இரங்கற் கூட்டம் நடத்துகிறோம். இவை நற்செயல்களே, குறைத்து மதிப்பிடுவது என் கருத்தன்று. ஆயின் இவை யாவும் பிந்தியவை. முதற் சில மணி நேரத்திற்கு இவை உதவா. "நம் ஊரில் நிலம் நடுங்குவதில்லையே" என்பார்க்கும் ஒரு சொல்: 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அன்று நிலம் நடுங்கவில்லை. இடிபாட்டில் நசுங்கிய உடலுக்குக் காரணம் எதுவாயினும் காயம் ஒன்றே, மருத்துவமும் ஒன்றே.

ஆகவே கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அணிகள் ஆண்டுதோறும் சில நாள்களையேனும் மருத்துவர் துணையுடன் இப்பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் துணிபு. குருதி பெருகும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தல். கழுத்தும் முதுகும் வளையாமல் பலகையில் பலர் சேர்ந்து தூக்குதல். நெடுநேரம் நசுங்கிக் கிடந்தவரின் மேலுள்ள பாரத்தை, வேறு உடனடி ஆபத்து இல்லையெனில், மருத்துவக் குழுவை அழைத்து அவர்தம் துணையுடன் அகற்றுதல். சிக்கிய நேரத்தையும் மீட்ட நேரத்தையும் எழுதிக் கொடுத்தல். சிறுநீர் கருஞ்சிவப்பாக வெளியேறினால் உடனே தெரிவித்தல். இவற்றைக் கற்க மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. கரைசலை ஏற்றுவது பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் கடமை; அவர் வரும்வரை நோயாளிக்குத் தீங்கு நேராமல் காப்பது நம் கடமை.

ஊர்ப் பெரியோர் இதற்குப் பொருளுதவி புரியலாம். ஆசிரியர் நேரம் ஒதுக்கலாம். மாணவர் கைகளைத் தரலாம். வள்ளுவர் நான்காவதாக வைத்த அம்மனிதரை உருவாக்கும் பணி எந்த மருத்துவக் கல்லூரிக்கும் மட்டும் உரியதன்று. அது நம் கல்லூரிக்கும் உரியதே.